பழமில்லாத பழவாசனை: ஆல்கஹால் இல்லாத ஒரு பேல் ஏலைச் சுவைத்தபோது

கேனின் முகப்பில் அறுத்த மாம்பழம், பாதியாகப் பிளந்த பேஷன் ஃப்ரூட், பின்னணி முழுவதும் ஆரஞ்சு நிறம். திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தால் தண்ணீர், பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஓட்ஸ், கோதுமை, ஹாப்ஸ், ஈஸ்ட், லாக்டிக் அமிலம். அத்தோடு சரி. பழம் என்ற பேச்சே இல்லை. ஆல்கஹால் 0.5 சதவீதத்துக்கும் குறைவு என்று மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி. பேல் ஏல் என்பது வெளிர் நிற பீர் வகை ஒன்று; இப்படிப்பட்ட கிராஃப்ட் (சிறு காய்ச்சகங்களின்) பேல் ஏல் கேன்களைக் கொஞ்ச காலமாகவே தேடிப்பிடித்துக் குடித்துவருகிறேன். பீருக்கு ஏதாவது மாற்று கிடைத்தாக வேண்டும் என்ற தவிப்பு எனக்குக் கிடையாது. பழமே சேராத ஒன்று எப்படி இப்படி மணக்கிறது, போதையை எடுத்துவிட்ட பிறகு மிச்சம் நிற்பது என்ன என்ற இரண்டு கேள்விகள்தான் என்னைத் திரும்பத் திரும்ப இழுக்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசனையில் இந்தக் கேன்கள் அநேகமாக எல்லாமே தேறிவிடுகின்றன. தடுமாற்றமெல்லாம் விழுங்கிய பிறகுதான் தொடங்குகிறது. மோந்து பார்த்ததும் 'அடடா' என்று மதிப்பெண் போட்டுவிடுகிறவர்கள் பாதிக் கண்ணாடி காலியான பிறகு இன்னொரு முறை மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் ஹாப்ஸ். இது ஒரு கொடி; கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதைச் சொன்னதும் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள், ஆனால் கஞ்சாவின் போதைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெண் கொடியில் வரும் பச்சை நிறப் பூங்கூம்புகள்தான் பீருக்குப் பயன்படுகின்றன. ஒரு கூம்பை நடுவில் பிளந்து பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு லூபுலின் என்று பெயர். இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும். கையைக் கழுவினாலும் வாசனை எளிதில் போகாது. அந்தப் பொடிக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலங்கள். இன்னொன்று, எளிதில் ஆவியாகிவிடும் எண்ணெய்கள்.

இரண்டையும் ஒரே சமயத்தில் முழுதாக வாங்கிவிட முடியாது. மால்ட்டிலிருந்து இறக்கிய இனிப்பு நீரோடு ஹாப்ஸைச் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் ஆல்ஃபா அமிலங்கள் உருமாறி நீரில் கரைகின்றன, கசப்பு இறங்குகிறது. எண்ணெய்களோ நீராவியோடு பறந்துவிடுகின்றன. அதனால் வாசனைக்கான ஹாப்ஸை அடுப்பை அணைத்த பிறகோ, நொதித்தல் முடிந்து பானம் குளிர்ந்திருக்கும்போதோ போடுகிறார்கள். குளிர்ந்த நிலையில் போட்டு நாள்கணக்கில் ஊறவிடும் முறைக்கு 'டிரை ஹாப்பிங்' என்று பெயர். நான் மோந்த மாம்பழம் அநேகமாக அந்தக் கட்டத்தில்தான் கேனுக்குள் வந்திருக்க வேண்டும்.

அது பொய்யான மாம்பழமும் இல்லை. ஹாப்ஸ் எண்ணெயில் பெரும்பங்கு வகிக்கும் மிர்சின் மாம்பழத்திலும் இருக்கிறது. லினலூல் கொத்தமல்லி விதையிலும் லாவெண்டரிலும் உண்டு. ஜெரானியால் ரோஜாவில் உண்டு. இவற்றையெல்லாம் விடச் சுவாரசியமானவை தயோல்கள் எனப்படும் கந்தகச் சேர்மங்கள். பேஷன் ஃப்ரூட்டுக்கு அதன் வாசனையைத் தருவதும், சொவிஞ்ஞோன் பிளாங்க் திராட்சை ஒயினுக்கு அதன் முத்திரையைத் தருவதும், சில ஹாப்ஸ் ரகங்களில் இருப்பதும் ஒரே தயோல்தான். ஒரு லிட்டரில் சில பத்து நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோகிராம். இவ்வளவு சிறிய அளவுக்கு இப்படியொரு ஆர்ப்பாட்டம்.

பேல் ஏலில் எப்போதும் இந்தப் பழக்கூட்டம் இருந்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விறகுக்குப் பதில் கோக் கரியில் உலர்த்திய வெளிர் மால்ட்டினால்தான் அந்த பீர் வெளிர் நிறம் பெற்றது. அங்கிருந்த ஹாப்ஸில் மண்ணும் மூலிகையும் மணக்கும். பழம் எட்டிப்பார்த்தாலும் அடக்கமாக இருக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உருவாக்கப்பட்ட கேஸ்கேட் என்ற ரகம் 1972இல் வெளிவந்தது. அதில் கிரேப்ஃப்ரூட் தோலின் வாசனை தூக்கலாக இருந்தது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா நிறுவனம் 1980இல் அதை வைத்துத் தன் பேல் ஏலைக் காய்ச்சியது. கிராஃப்ட் பீர் உலகம் அந்தப் பாதையில் நடக்க ஆரம்பித்தது. பிறகு சிட்ரா வந்தது, 2012இல் மொசைக் வந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து கேலக்ஸி வந்தது. எலுமிச்சையில் தொடங்கிய வாசனை மாம்பழம், லிச்சி, பேஷன் ஃப்ரூட் என்று வெப்பமண்டலத்துக்கே குடிபெயர்ந்துவிட்டது. இன்று 'பழச்சுவை கொண்ட பேல் ஏல்' என்று யாராவது விற்றால் முக்கால்வாசி நேரம் இந்த ரகங்களில் ஒன்றிரண்டு உள்ளே இருக்கும்.

சரி, ஆல்கஹால் இல்லாத பீருக்கு இது ஏன் இவ்வளவு தோதாக அமைந்தது? அதற்கு, இந்த வகைக்கு முன்பு இருந்த கெட்ட பெயரை நினைத்துப்பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 1979இல் கிளவுஸ்தாலர் என்ற ஆல்கஹால் இல்லாத பீர் வந்த காலத்திலிருந்து நெடுநாள் ஆல்கஹால் இல்லாத பீர் என்றால் லாகர் பாணிதான். லாகரின் அழகே அதில் அதிகம் எதுவும் இல்லாமல் இருப்பது. சுத்தம், மென்கசப்பு, வறண்ட முடிவு. ஒளிந்துகொள்ள இடமில்லாத பானம். அதிலிருந்து ஆல்கஹாலை உருவினால் மால்ட் நீரின் பச்சை வாடை அப்படியே வெளியே தெரிந்துவிடும். அந்த வாடைக்குக் காரணம் சில ஆல்டிஹைடுகள். அவற்றில் மெத்தியோனல் என்பது வேகவைத்த உருளைக்கிழங்கின் வாடையைக் கொண்டது. வழக்கமான பீரில் ஈஸ்ட் நொதிக்கும்போது இவற்றின் பெரும்பகுதியை வாசனை குறைந்த ஆல்கஹால்களாக மாற்றிவிடும். மீறி மிஞ்சுவதை எத்தனால் (பீரில் போதை தரும் ஆல்கஹால்) பானத்துக்குள்ளேயே பிடித்துவைக்கும், மூக்குக்கு எட்டவிடாது. ஈஸ்ட்டைப் பாதியில் நிறுத்தினால் முதல் காவல் போயிற்று. எத்தனால் இல்லையென்றால் இரண்டாவதும் போயிற்று.

பேல் ஏலில் அப்படியில்லை. அதன் குணம் ஹாப்ஸில் இருக்கிறது. அந்த ஹாப்ஸைக் கடைசியில் குளிர்ந்த நிலையில் போடலாம். முன்னால் எதை இழந்திருந்தாலும் வாசனையை மறுபடி ஏற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு கையில் இருக்கிறது. போதாக்குறைக்கு மாம்பழமும் பேஷன் ஃப்ரூட்டும் அந்த உருளைக்கிழங்கு வாடையைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிடும். 2017இல் அமெரிக்காவில் ஆரம்பித்த அத்லெடிக் போன்று ஆல்கஹால் இல்லாத பீரை மட்டுமே காய்ச்சும் நிறுவனங்கள் ஹாப்ஸ் வகைகளைத் தூக்கிப்பிடிப்பதில் வியப்பில்லை.

ஆல்கஹாலைத் தவிர்க்கும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழு பீராகக் காய்ச்சிவிட்டுப் பிறகு எடுப்பது ஒரு வழி. எத்தனால் சாதாரண அழுத்தத்தில் 78 டிகிரியில் கொதிக்கும். வெற்றிடத்தில் 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாகிவிடும், அதனால் பீர் வெந்துபோகாது. சவ்வு வழியே அழுத்தித் தள்ளிப் பிரிப்பதும் உண்டு. இரண்டுக்கும் விலை உயர்ந்த இயந்திரங்கள் வேண்டும். சிறிய கிராஃப்ட் காய்ச்சகங்களில் பல வேறு வழியில் போகின்றன: ஆல்கஹாலே அதிகம் உண்டாகாதபடி பார்த்துக்கொள்வது. மால்ட்டை வழக்கத்தைவிட அதிகச் சூட்டில் ஊறவைத்தால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகள் மிகுதியாக வரும். அதோடு மால்டோஸைத் தொடாத ஈஸ்ட் இனம் ஒன்றைச் சேர்ப்பார்கள். சாக்கரோமைக்கோடிஸ் லுட்விகி என்று ஒன்று இருக்கிறது. குளுக்கோஸைத் தின்றுவிட்டு மால்டோஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மால்ட் நீரின் சர்க்கரையில் பெரும்பகுதி மால்டோஸ் என்பதால் ஆல்கஹால் 0.5ஐத் தாண்டாமல் நின்றுவிடும்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. டிரை ஹாப்பிங்கில் ஹாப்ஸோடு வரும் நொதிகள், ஈஸ்ட்டால் தின்ன முடியாத மாவுச் சர்க்கரையை உடைத்து அது தின்னக்கூடியதாக மாற்றிவிடும். சாதாரண பீரில் இது ஒரு தொல்லை. ஆல்கஹால் அளவுக்கு எல்லை கட்டியிருக்கும் பானத்தில் பெரிய தலைவலி. ஹாப்ஸ் கூடக்கூடப் பானத்தின் புளிப்பும் குறையும். கிருமிகளைத் தடுக்க ஆல்கஹால் இல்லாத இடத்தில் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; கூடினால் புளிப்பு குறைவு) 4.6க்கு மேல் போவது ஆபத்து. லாக்டிக் அமிலம் சேர்க்கப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். வேலையோடு வேலையாகப் பழத்துக்குத் தேவையான புளிப்பையும் அது கொடுத்துவிடுகிறது. மேலே சொன்ன மாம்பழக் கேனில் அந்தப் புளிப்பு இல்லாதிருந்தால் மாம்பழம் பாதிதான் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

இனி அந்தக் கேனுக்கு வருகிறேன். கேனிலிருந்து நேராகக் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் வாசனைக்காகக் காசு கொடுத்துவிட்டு அதைத் தகரத்துக்குள் அடைத்துவைப்பதில் அர்த்தம் இல்லை. வாய் சற்றுக் குறுகிய கண்ணாடி டம்ளர், சோப்பு மிச்சம் இல்லாமல் அலசியது. சோப்பு நுரையைக் கொன்றுவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில நிமிடங்கள் வெளியே வைத்து, டம்ளரைச் சாய்த்துப் பாதி ஊற்றி, பிறகு நிமிர்த்தி மிச்சத்தை நடுவில் ஊற்றினேன். இரண்டு விரல் அளவுக்கு நுரை எழுந்தது. வெண்மை, நெருக்கமான சிறு குமிழிகள். அது இறங்கும்போது கண்ணாடியில் கிழிந்த வலைபோல் திட்டுத் திட்டாக ஒட்டியது. மால்ட்டின் புரதமும் ஹாப்ஸின் கசப்புச் சேர்மமும் கைகோத்தால்தான் அப்படி ஒட்டும். நிறம் கலங்கிய வைக்கோல் மஞ்சள். எதிர்ப்பக்கம் விரலை வைத்தால் நிழல் மட்டும் தெரிந்தது. ஓட்ஸும் கோதுமையும் கலந்தால் வரும் கலங்கல் இது. கெட்டுப்போனதன் அடையாளம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

மூக்கைக் கிட்டே கொண்டுபோவதற்கு முன்பே பேஷன் ஃப்ரூட் வந்துவிட்டது. நறுக்கென்ற, கொஞ்சம் வியர்வை கலந்தாற்போன்ற வாசனை. வியர்வை என்றதும் முகம் சுளிக்காதீர்கள். தயோல்களின் இயல்பு அது, நல்ல பேஷன் ஃப்ரூட்டிலும் அது உண்டு. அடுத்து மாம்பழம். சதைப்பற்று குறைவு, காம்போரத்துத் தோலும் பாலும் அதிகம். அதற்கும் கீழே பைன் மரப் பிசின் லேசாக. டம்ளரைச் சுழற்றியபோது எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்தன. சுழற்றியதை நிறுத்திய சில நிமிடங்களில் பாதி காணவில்லை. எத்தனால் வாசனைச் சேர்மங்களைத் தன்னோடு பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அது இல்லாத பானம் இருப்பதையெல்லாம் முதலிலேயே வாரி இறைத்துவிடுகிறது. முதல் மோப்பத்தில் இவை அசத்துவதற்கும் நடுவில் இளைத்துப்போவதற்கும் காரணம் ஒன்றே.

முதல் மடக்கு நன்றாகவே இருந்தது. நுண்ணிய வாயு நாக்கைக் கிள்ளியது, புளிப்பு ஒரு பக்கம், மால்டோஸின் அடக்கமான இனிப்பு மறுபக்கம், இரண்டுக்கும் நடுவில் பழம். மால்டோஸ் நாம் பயன்படுத்தும் சர்க்கரையின் அளவுக்கு இனிக்காது என்பது இங்கே உதவிக்கு வருகிறது, இல்லையென்றால் குளிர்பானமாகிவிடும். விழுங்கும்போது மூக்கின் பின்பக்கமாகப் பழம் இன்னொரு முறை தலைகாட்டியது. பிறகுதான் அந்த இடைவெளி. பழம் போய்விட்டது, கசப்பு இன்னும் வரவில்லை. வாயில் வெறும் நீரின் மென்மை. ஆல்கஹால் உள்ள பேல் ஏலில் இந்த இடத்தை எத்தனாலின் இளஞ்சூடும் கனமும் நிரப்பும். கச்சேரியில் சுருதிப்பெட்டியை யாரும் கவனிப்பதில்லை. பாதியில் அணைத்தால்தான் பாடகரின் ஒவ்வொரு மூச்சும் காதில் விழத் தொடங்கும். அந்த நிலைமைதான் இங்கேயும். கசப்பு வந்து சேர்ந்தபோது தனியாக வந்தது, சொரசொரப்பாக, இலையை மென்ற துவர்ப்போடு. அது மட்டும் நெடுநேரம் நின்றது.

ஓட்ஸ் தன்னால் முடிந்ததைச் செய்திருந்தது. நாக்கில் ஒரு வழவழப்பு இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் வழவழப்பு வேறு, கனம் வேறு. இந்த வித்தியாசம் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியாததில்லை. கனத்தைக் கூட்ட மால்ட்டைக் கூட்டினால் அந்த ஆல்டிஹைடு வாடையும் கூடிவிடும் என்பதால் தயங்குகிறார்கள். அவர்கள் தரப்பில் நின்று பார்த்தால் ஹாப்ஸை அள்ளிப்போடுவது பாதுகாப்பான பந்தயம்.

பாதி டம்ளரை வேண்டுமென்றே மேசையில் விட்டுவைத்தேன். சூடேறினால் குட்டு வெளிப்படும். வெளிப்படவும் செய்தது. பேஷன் ஃப்ரூட் மெலிந்த இடத்தில் ஊறவைத்த தானியத்தின் வாடை மெல்ல எழுந்து உட்கார்ந்தது. குளிர்ச்சியில் இனிப்பு மட்டுப்பட்டிருந்தது. இப்போது அது முன்னுக்கு வந்து லேசாகத் திகட்டியது. மோசம் என்று சொல்ல மாட்டேன். குளிர்ச்சி குறைவதற்குள் குடித்து முடித்துவிட வேண்டிய பானம் என்று சொல்வேன். 330 மில்லி கேன் அதற்குச் சரியான அளவு.

இங்கே ஒரு புலம்பல். பழக்கூழையோ பழச்சாற்றையோ சேர்த்துக் காய்ச்சும் கேன்களும் இருக்கின்றன. அவற்றில் நேர்மையானவை உண்டு. 'இயற்கை நறுமணம்' என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் கேன்கள்தான் எனக்கு ஆவதில்லை. அவற்றின் மாம்பழம் முதல் மடக்கிலிருந்து கடைசி மடக்கு வரை ஒரே சுதியில், ஒரே அளவில் இருக்கும். சூடேறினாலும் மாறாது, நுரை போனாலும் மாறாது. ஹாப்ஸின் பழம் நிமிஷத்துக்கு நிமிஷம் இடம் மாறும். அந்த மாற்றத்துக்காகத்தானே இதையெல்லாம் குடிப்பது.

0.5 சதவீதம் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த எண் அமெரிக்க மதுவிலக்குக் காலத்துச் சரக்கு. 1920இல் நடைமுறைக்கு வந்த சட்டம் போதைதரும் பானத்தின் எல்லையாக 0.5 சதவீதத்தை வைத்தது. மதுவிலக்கு 1933இல் போன பிறகும் எண் நிலைத்துவிட்டது. ஜெர்மனியிலும் ஆல்கஹால் இல்லாத பீர் என்று எழுத இதே எல்லைதான். பிரிட்டன் நெடுங்காலம் 0.05 என்று பத்து மடங்கு கறாராக இருந்தது. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்திலும் பழச்சாற்றிலும் கூடத் துளி ஆல்கஹால் இருக்கும் என்பதால் 0.5ஐ வைத்து யாருக்கும் போதை ஏறப்போவதில்லை. ஆனால் மத நம்பிக்கையாலோ மருத்துவக் காரணத்தாலோ ஒரு துளியும் கூடாது என்பவர்கள் 0.0 என்று அச்சிட்டதைத்தான் எடுக்க வேண்டும். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வந்தவர்களிடம் 'இதில் ஒன்றும் இல்லை, குடியுங்கள்' என்று உபசரிப்பதை நான் ஏற்கமாட்டேன். நுரை, கசப்பு, டம்ளரைப் பிடிக்கும் விதம் எல்லாமே பழைய ஆசையைக் கிளறக்கூடியவை. பார்லி, கோதுமை இரண்டும் இருப்பதால் குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கும் இது ஆகாது.

வாங்கும்போது நான் பார்ப்பது கேனின் அடியில் அச்சடித்திருக்கும் தேதி. ஹாப்ஸ் வாசனைக்கு ஆயுள் குறைவு. அடைத்த நாளிலிருந்தே தேயத் தொடங்குகிறது, சூட்டில் வைத்தால் இன்னும் வேகமாக. கடைக்காரர் வெயில்படும் அலமாரியில் அடுக்கியிருந்தால் எவ்வளவு தள்ளுபடி என்றாலும் நான் கைவைப்பதில்லை. பாட்டிலைவிடக் கேன் மேல். ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புச் சேர்மம் சிதைந்து ஒருவகை நாற்றம் பிடிக்கும், பச்சைப் பாட்டிலில் அதற்கு வாய்ப்பு அதிகம்.

மாம்பழக் கேனுக்குப் பிறகு அதே 0.5 வகையில் இன்னொன்றைத் திறந்தேன். அதன் வாசனை இதன் பக்கத்தில் நிற்காது. கொஞ்சம் ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் புல், அவ்வளவே. ஆனால் வறுத்த மால்ட்டைச் சிறிதளவு சேர்த்திருந்தார்கள். மேலோடு கருகிய ரொட்டியின் மணம் அந்த இடைவெளியில் வந்து நின்றது. கசப்பு அதன்மேல் ஏறி வந்ததால் தனியாகத் துருத்தவில்லை. மூக்குக்கு மட்டும் மதிப்பெண் போடுகிற போட்டியில் இது முதல் சுற்றிலேயே வெளியேறியிருக்கும். எழுதிக்கொண்டே ஆறஅமரக் குடித்ததில் கடைசி மடக்குக்கு வரும்போது அறைச் சூட்டுக்கு வந்துவிட்டது. அப்போதும் தானிய வாடை எட்டிப்பார்க்கவில்லை.